பச்சை நம்ம வீடு, நீலம் ஊரான் வீடு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாதி முகத்தில் சவர நுரையும் மீதி முகத்தில் வீரமுமாக நின்றபடி, பூட்டுக்காரர் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். தன் வலைப்பூவில் இனிமேல் எல்லா இணைப்பும் ஒரே நிறத்தில் இருக்காது. தொட்டால் தன்னுடைய இன்னொரு பதிவுக்கே போகிற இணைப்பு பச்சை. தொட்டால் வேறு யாருடைய தளத்துக்கோ போகிற இணைப்பு நீலம். பச்சைக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு வீட்டுப் படம். நீலத்துக்குப் பக்கத்தில் வெளியே பாய்கிற மாதிரி ஓர் அம்புக்குறி.

"வாசகன் பாவம். எங்கே போறோம்னு தெரியாமலே தட்டிடறான்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். கண்ணாடி நம்பவில்லை. நாமும் நம்ப வேண்டாம். உண்மைக் காரணம் முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் வந்து விழுந்திருந்தது.

"என்னங்க, திங்கட்கிழமையிலேர்ந்து நான் உங்க பிளாக்கைப் படிக்கப் போறேன்" என்றிருந்தாள் மனைவி.

பூட்டுக்காரருக்குப் புரையேறியது. "எதைப் படிக்கப் போறே?"

"நீங்க எழுதறதைத்தான். இத்தனை வருஷமா எழுதறீங்க. வீட்டுல இருக்கிற நான் ஒரு வரி படிச்சதில்லேன்னா நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

"அதெல்லாம் பூட்டு, சாவி, அரம், துரு... உனக்குத் தலை வலிக்கும்மா."

"உங்களையே தாங்கிட்டேன். துரு என்ன செஞ்சுடப் போகுது?" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள். "அண்ணனும் படிக்கிறேன்னு சொல்லியிருக்காரு."

இப்போது தண்ணீரும் புரையேறியது.

இந்த இடத்தில் பூட்டுக்காரரைப் பற்றி இரண்டு வார்த்தை. கடைத்தெரு முனையில் ஒரு அறை அளவுக்குக் கடை. சாவி தொலைத்தவர், சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியவர், சாவி உடைந்து பாதி பூட்டுக்குள்ளும் பாதி கையிலுமாக நிற்பவர், எல்லோரும் அவரிடம்தான் ஓடி வருவார்கள். ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிற மனிதர், வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டார். திறக்காத வாய்க்கெல்லாம் வட்டியும் முதலுமாகச் சேர்த்து வலைப்பூவில் எழுதிவிடுவார்.

வலைப்பூவின் பெயர் "பூட்டும் நானும்". ஆரம்பத்தில் பூட்டைப் பற்றி மட்டும்தான் எழுதினார். மூன்று பேர் படித்தார்கள். ஒருவர் சாவி எப்போது கிடைக்கும் என்று கேட்டார். இன்னொருவர் வழிதவறி வந்திருந்தார். மூன்றாமவர் இவரே. ஒரு நாள் எழுத விஷயம் கிடைக்காமல் "திறக்கவே முடியாத ஒரு பூட்டு" என்று தலைப்பிட்டு மனைவியைப் பற்றி எழுதினார். அவளுக்கு "மேலிடம்" என்று பெயரும் வைத்தார். கூட்டம் அலைமோதியது. படித்தவன் பத்துப் பேருக்கு அனுப்பினான். ஊரில் எத்தனை வீடுகளில் மேலிடம் இருக்கிறது என்பது பூட்டுக்காரருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதன் பிறகு மனைவியின் அண்ணன் விருந்தாளியாக வந்தார். ஆள் கொஞ்சம் ஆகிருதி. "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்" என்றவர் ஒரு முழு சோப்புக் கட்டி தேய்ந்து தீரும்வரை இருந்தார். உட்கார்ந்த நாற்காலி உடைந்தது. படுத்தால் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "மச்சானும் மூன்று கால் நாற்காலியும்", "குறட்டைக்குச் சாவி உண்டா?" என்று அடுத்தடுத்துப் பதிவுகள். வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எல்லாம் சரி. ஒரே ஒரு சங்கடம். பூட்டுக்காரரின் கடை இருக்கிற இடம் அந்த மச்சானுடையது. ஒப்பந்தம் முடியப் போகிறது. போன் கவர் விற்கிற ஒருவன் மச்சானிடம் அந்த இடத்தைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தான். "நேர்ல வந்து முடிவு சொல்றேன் மாப்பிள்ளை" என்று மச்சான் வேறு இழுத்து வைத்திருந்தார். இந்த நேரம் பார்த்து மூன்று கால் நாற்காலி அவர் கண்ணில் பட்டால், பூட்டுக்காரர் சாவி அறுக்கும் இயந்திரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு தெருவில்தான் நிற்க வேண்டும்.

அந்தப் பதிவுகளை அழித்துவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். எழுதிப் பார்த்தவர் கேட்க மாட்டார். நாலு பேர் சிரித்த எழுத்தை அழிக்கிற மனசு எழுதினவனுக்கு வருமா? கழுத்தில் கத்தி வைத்தாலும், "அந்தக் கடைசி வரி மட்டும் இருக்கட்டுமே" என்பான்.

ஆகவேதான் அந்த மாபெரும் முடிவு. பூட்டுக்காரர் வேறொரு முகவரியில், பேர் போடாமல், "மாற்றுச்சாவி" என்று இரண்டாவது வலைப்பூ ஒன்றைத் திறந்தார். மேலிடமும் மச்சானும் வரும் பதிவுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய் அங்கே குடிவைத்தார். பழைய வாசகர் தேடி வர வேண்டுமே! அதனால் பழைய வலைப்பூவிலிருந்து அங்கங்கே இணைப்பு கொடுத்தார். இணைப்பின் பேரையும் மாற்றினார். நாற்காலிக் கதை "மரச்சாமான் பராமரிப்பு" ஆனது. குறட்டைக் கதை "ஓசையில்லாத கீல்கள்" ஆனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. பாக்கி இருந்தது சோற்றுக்கு வண்ணம் அடிக்கிற வேலை.

கடையில் சாவிக் கொத்து செய்து கொடுக்கும்போது அறைக்கதவுச் சாவிக்கெல்லாம் தலையில் ஒரு பொட்டுப் பச்சை பெயிண்ட், வாசல்கதவுச் சாவிக்கு ஒரு பொட்டு நீலம் வைப்பது அவர் வழக்கம். அதே கை, அதே பழக்கம். வலைப்பூவிலும் ஒவ்வொரு இணைப்பாக எடுத்து, இது உள்ளே, பச்சை. இது வெளியே, நீலம் என்று கையாலேயே அடித்துக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே சரியாகப் போயிற்று. சாயங்காலம் மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

"இதோ பாரும்மா. வீட்டுப் படம் போட்ட இந்தப் பச்சையைத் தொட்டா, நம்ம பிளாக்குக்குள்ளேயே இன்னொரு பக்கத்துக்குப் போவே."

"சரி."

"அம்பு போட்ட இந்த நீலத்தைத் தொட்டா வெளியே போயிடுவே."

"வெளியேன்னா?"

"வெளியேன்னா வெளியேதான். கண்டவன் இடம். வைரஸ் இருக்கும், திருடன் இருப்பான். போன்ல இருக்கிற போட்டோவெல்லாம் போயிடும்."

"நம்ம கல்யாண போட்டோவுமா?"

"அதுதான் முதல்ல போகும்."

மனைவி கொஞ்சம் யோசித்தாள். "அவ்வளவு ஆபத்தானதை எதுக்குங்க உங்க பிளாக்குல வெச்சிருக்கீங்க?"

இந்தக் கேள்வி பாடத்திட்டத்தில் இல்லை. "அது... அது ஒரு மரியாதைம்மா. நாம நாலு பேருக்கு வழி காட்டினாத்தான் நாலு பேரு நமக்கு வழி காட்டுவாங்க."

"திருடன் வீட்டுக்கு வழி காட்டறது மரியாதையா? நல்லா இருக்கு உங்க ஊர் வழக்கம்." அவள் எழுந்தாள். "சரி விடுங்க. பச்சை நம்ம வீடு. நீலம் ஊரான் வீடு. ஊரான் வீட்டுல எனக்கென்ன வேலை?"

"என் தங்கமே!" என்று பூட்டுக்காரர் வாய்விட்டே சொல்லிவிட்டார். இந்த வீட்டில் அந்த வார்த்தை கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. மனைவி நின்று, திரும்பி, அவர் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமையிலிருந்து சொன்னபடியே படிக்க ஆரம்பித்தாள். பச்சை பச்சையாகத் தொட்டுப் படித்தாள். "அந்த ஏழு லீவர் பூட்டை நீங்க திறந்து முடிக்கிறதுக்குள்ள வீட்டுக்காரர் வேற வீடு கட்டியிருப்பாரு போலிருக்கே" என்று விமர்சனமும் செய்தாள். பூட்டுக்காரர் பூரித்துப் போனார். தன்னை யாராவது திட்டும்போது இவ்வளவு நிம்மதியாக அவர் இருந்ததே இல்லை.

அதே வாரம் "மாற்றுச்சாவி"யில் ஒரு புது வாசகரின் பின்னூட்டம் வந்தது. பெயர், சககைதி.

"ஐயா, நீங்கள் எழுதுவதெல்லாம் என் வீட்டுக் கதை. நானும் கல்யாணம் செய்துகொண்டு ஆயுள் தண்டனை அனுபவிக்கிற ஜீவன்தான். என் வீட்டிலும் ஒரு ஆள் உண்டு. ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடும். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடும். எடுத்துச் சொன்னால் என்மேலேயே எரிந்து விழும். எங்கே போய்ச் சொல்லி அழுவது?"

பூட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகையே வந்துவிட்டது. நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கித் துடைத்து மாட்டிக்கொண்டார். கட்டிலில் உட்கார்ந்த இடம் சில்லென்று ஈரமாக இருந்ததால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். பிறகு உருக்கமாகப் பதில் எழுதினார்: "நண்பரே! உங்களை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அப்படிப்பட்ட ஆளை எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறீர்கள்? நானாக இருந்தால் ஒரு நாள் தாங்க மாட்டேன்."

"பழகிவிட்டது" என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து இருவரும் உயிருக்குயிரானார்கள். பூட்டுக்காரர் தன் பயத்தையெல்லாம் சககைதியிடம் கொட்டினார். மேலிடம் வலைப்பூவைப் படிக்க ஆரம்பித்துவிட்டது, என்றைக்காவது நீலத்தைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். சககைதிக்கு அறிவுரை சொல்வதில் தாராள மனசு.

"சந்தேகம் வராமல் இருக்க ஒரே வழிதான் உண்டு. சாப்பிட்டதும் பாத்திரத்தை எல்லாம் நீங்களே தேய்த்துவிடுங்கள். பாத்திரம் தேய்க்கிற ஆளை உலகத்தில் யாரும் சந்தேகப்பட்டதில்லை. என் வீட்டிலும் இப்போதுதான் இதை ஆரம்பித்து வைக்கிறேன்."

எப்பேர்ப்பட்ட யோசனை! அன்று சாப்பிட்டு முடித்ததும் பூட்டுக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியடிக்குப் போனார்.

"என்னங்க இது அதிசயம்?" என்றாள் மனைவி.

"சும்மாதாம்மா. பாவம், உனக்குக் கை வலிக்குமே."

"வலிக்கத்தான் செய்யுது. அடிப்பிடிச்ச பாத்திரம் ஒண்ணு ஊறவெச்சிருக்கேன், பாருங்க. பெரிய சட்டிக்குப் பின்னால. அதையும் எடுத்துக்குங்க."

மறுநாளே "மேலிடம் ஏமாந்தது!" என்று பதிவு போட்டார். சககைதி சிரித்துச் சிரித்து வயிறு வலிப்பதாக எழுதிவிட்டு, துணி மடிப்பதையும் சேர்த்துக்கொண்டால் தடயமே இருக்காது என்றார். சேர்த்துக்கொண்டார். பிறகு மின்விசிறி துடைப்பது. பிறகு ஜன்னல் திரைகளைத் துவைத்துப் போடுவது. பிறகு ஈரத் துண்டைக் கொடியில் உலர்த்துவது. இது மட்டும் அடிக்கடி மறந்துபோயிற்று. வீடு கண்ணாடி மாதிரி மின்னியது. பூட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "எப்படி ஏமாத்தறேன் பார்" என்று தனக்குள் சிரித்துக்கொள்வார்.

நன்றி தெரிவிக்கும் விதமாக, சககைதியைத் தன் பெரிய வலைப்பூவுக்கும் அழைத்தார். "நாலு பேர் பார்க்க அங்கேயும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லுங்கள் நண்பரே." சககைதி பேச்சைத் தட்டவில்லை. தொங்கு பூட்டு பற்றிய பதிவின் அடியில், "ஒரு தொங்கு பூட்டைப் பற்றி இவ்வளவு விஷயமா! வாயடைத்துப் போனேன்" என்று எழுதினார். பின்னூட்டம் போடுகிறவர் பெயரையும் தன் தளத்தின் முகவரியையும் நிரப்ப வேண்டும் என்பது அங்கே விதி. பெயரைத் தொட்டால் அந்த முகவரிக்குப் போகும். சககைதி அதையும் நிரப்பியிருந்தார். வாசகர் வீட்டு முகவரியையெல்லாம் பூட்டுக்காரர் தட்டிப் பார்த்ததில்லை. புகழ்ந்திருக்கிறாரா இல்லையா, அதுதானே முக்கியம்!

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் மனைவி அடுத்த குண்டைப் போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை அண்ணன் வர்றாரு. கடை விஷயமா முடிவு சொல்லப் போறாராம்."

"வரட்டும், வரட்டும்."

"உங்க பிளாக்கை டிவியில போட்டுப் பாக்கணுமாம். போன்ல எழுத்து சின்னதா இருக்காம்."

பூட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. கடைக்கு ஓடினார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வலைப்பூவை முதல் பக்கத்திலிருந்து சரிபார்த்தார். பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். "மரச்சாமான் பராமரிப்பு" பச்சை நிறத்தில், பக்கத்தில் வீட்டுப் படத்தோடு, சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. கையால் அடித்துக்கொண்டே வந்ததில் கை தவறியிருக்கிறது. இத்தனை நாள் மனைவி அதைத் தொடாமல் விட்டது பெரியவர்கள் செய்த புண்ணியம். இன்னும் எத்தனை இடத்தில் தவறியிருக்கிறதோ!

நேராகக் கடைக்கு மேலே இருந்த மாடி வீட்டுக்கு ஏறினார். மாடியில் இருப்பது ஒரு கம்ப்யூட்டர் டீச்சர். அவருடைய அலமாரிப் பூட்டைச் சரிசெய்து கொடுத்த பழக்கம்.

டீச்சர் பார்த்தார். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணே, ஒவ்வொரு லிங்க்குக்கும் கையாலயா கலர் அடிச்சீங்க?"

"சாவிக்கெல்லாம் அப்படித்தானே டீச்சர் அடிப்போம்?"

"சாவியைப் பாத்தா அது எந்தக் கதவுதுன்னு தெரியாது. அதனால நீங்க பொட்டு வைக்கணும். லிங்க் அப்படி இல்ல. எங்க போகணும்கிற முகவரி அதுக்குள்ளேயே இருக்கு. உங்க பிளாக் முகவரியில ஆரம்பிச்சா பச்சை, வேற எந்த முகவரியா இருந்தாலும் நீலம்னு ஒரே ஒரு தடவை விதி எழுதிட்டாப் போதும். பக்கத்துல எந்த மூலையில லிங்க் இருந்தாலும் அதுவே பாத்து அடிச்சுக்கும். நீங்க பொய் சொன்னாலும் அது சொல்லாது."

"நான் எங்க டீச்சர் பொய் சொன்னேன்?"

"அட, ஒரு பேச்சுக்குச் சொன்னேண்ணே."

டீச்சர் தட்டினார். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. மரச்சாமான் பராமரிப்பு பச்சை உதிர்ந்து நீலமாயிற்று. பக்கத்தில் அம்புக்குறி முளைத்தது. பூட்டுக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "தெய்வம் டீச்சர் நீங்க" என்று சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாக இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். நாற்காலியைப் பார்த்தார். நாற்காலியும் அவரைப் பார்த்தது. இரண்டு பேரும் பழசை மறக்கவில்லை போலிருக்கிறது. அவர் சோபாவுக்குப் போய்விட்டார். மனைவி வலைப்பூவை டிவியில் ஏற்றினாள். ஒவ்வொரு எழுத்தும் ஆள் உயரம் நின்றது. பூட்டுக்காரர் கதவோரமாக, எந்த நிமிஷமும் ஓடத் தயாராக நின்றார்.

மச்சான் சும்மா சொல்லக்கூடாது, ரசித்துத்தான் படித்தார். "பலே மாப்பிள்ளை! பூட்டுக்குள்ள இவ்வளவு சமாசாரமா?" என்று தொடையில் தட்டினார். ஏழு லீவர் பூட்டு போயிற்று. தொங்கு பூட்டு வந்தது. அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"இதென்ன, மரச்சாமான் பராமரிப்பா? அதைத் தொடும்மா. நம்ம வீட்டுலயும் ஒரு நாற்காலி ஆடிட்டே இருக்கு."

பூட்டுக்காரர் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தார். போன் கவர்காரன் கடை வாசலில் தோரணம் கட்டுவது அவர் கண்முன் தெரிந்தது.

"வேண்டாம்ணே" என்றாள் மனைவி.

"ஏன்?"

"அது நீலம். ஊரான் வீடு. திருடன் இருப்பான். தொட்டா கல்யாண போட்டோ போயிடும்."

"அப்படின்னு யார் சொன்னது?"

"இவர்தான்."

மச்சான் திரும்பி, மாப்பிள்ளையை நிதானமாக ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ வேண்டாம். மாப்பிள்ளை சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றவர், வெகு சாதாரணமாக அடுத்த வார்த்தையைச் சொன்னார். "சொல்ல மறந்துட்டேன். கடை உங்களுக்குத்தான் மாப்பிள்ளை. போன் கவர்காரன்கிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன்."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. பூட்டுக்காரர் அப்படியே சரிந்து, அந்த உடைந்து ஒட்டவைத்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். அது தாங்கியது. இந்த உலகத்தில் எல்லாமே நல்லதாக அவருக்குத் தெரிந்தது. மச்சான் நல்லவர். நாற்காலி நல்லது. மேலிடம்? மேலிடம் தெய்வம்! இனி அவளைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக எழுதுவதில்லை என்றும், எழுதினாலும் வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் எழுதுவதில்லை என்றும் மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டார்.

அதற்குள் மனைவி பக்கத்தை அடிவரை உருட்டிவிட்டாள். பின்னூட்டங்கள் வந்தன. விதி அங்கேயும் தன் வேலையைச் செய்திருந்தது. போட்டவர்கள் பெயரெல்லாம் நீலம், நீலம், அம்புக்குறி, அம்புக்குறி. நடுவில் ஒரே ஒரு பெயர் மட்டும் பச்சைப்பசேலென்று, பக்கத்தில் குட்டியாக ஒரு வீட்டுப் படத்தோடு நின்றது.

சககைதி.

"இது யாரு, இவர் மட்டும் பச்சை?" என்றார் மச்சான். "பச்சைன்னா நம்ம வீட்டு ஆளா?"

"சாப்பாடு ஆறுதுண்ணே, எழுந்து வாங்க" என்றாள் மனைவி. டிவியை அணைத்தாள்.

பூட்டுக்காரர் தட்டைப் பார்க்காமலே சோற்றைப் பிசைந்தார். உப்பு போதுமா என்று கேட்டதற்கு, "பச்சை" என்றார். மச்சான் விடைபெற்றுத் தெருமுனை திரும்பியதும், போனை எடுத்து அந்தப் பச்சைப் பெயரைத் தொட்டுப் பார்த்தார். அது அவரை ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, "பூட்டும் நானும்" முதல் பக்கத்திலேயே கொண்டுவந்து இறக்கியது. டீச்சர் சொன்னது சரி. விதி பொய் சொல்லவில்லை.

சமையலறை வாசலில் போய் நின்றார். மனைவி மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சககைதி" என்று மெதுவாகக் கூப்பிட்டார்.

"சொல்லுங்க" என்றாள், திரும்பாமல்.

பூட்டுக்காரர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "அடிப்பாவி... முகவரின்னு கேட்ட இடத்துல நம்ம பிளாக் முகவரியைப் போட்டிருக்கியே!"

"உங்க முகவரி என்னன்னு கேட்டுச்சு. நம்ம முகவரியைக் குடுத்தேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லீங்க."

"நீலத்தைத் தொட மாட்டேன்னு சொன்னே?"

"எங்க சொன்னேன்? ஊரான் வீட்டுல எனக்கென்ன வேலைன்னுதான் சொன்னேன். உள்ள போய்ப் பாத்தா நம்ம வீடா இருந்துச்சு. நம்ம கட்டில், நம்ம நாற்காலி, நான்கூட இருந்தேன்."

"நண்பரேன்னு நெஞ்சுருகக் கூப்பிட்டேனே..."

"நான் வேண்டாம்னு சொல்லலையே. நல்லாத்தான் இருந்துச்சு."

"அந்த ஈரத் துண்டு..."

"இப்பவும் கட்டில் மேலதான் கிடக்கு." அவள் துணியைப் பிழிந்து போட்டுவிட்டுத் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த மாதிரிதான் இருந்தது. "எப்படித்தான் பொறுத்துக்கறீங்கன்னு கேட்டீங்களே, அன்னிக்கு முழுக்க நான் சிரிச்சேங்க. நானாயிருந்தா ஒரு நாள் தாங்க மாட்டேன்னு வேற எழுதியிருந்தீங்க. அதை மட்டும் தனியா எடுத்து வெச்சிருக்கேன்."

பூட்டுக்காரருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில், சொல்லப்போனால், பெரிய நிம்மதியாகவும் இருந்தது. இனி மறைக்க ஒன்றும் இல்லை. "உனக்குக் கோபமே இல்லையா?"

"முதல் நாள் இருந்துச்சு. ரெண்டாவது நாள் அந்தத் திறக்க முடியாத பூட்டுக் கதையைப் படிச்சேன். நல்லாத்தான் எழுதறீங்க. பேச்சுல இல்லாத சாமர்த்தியமெல்லாம் எழுத்துல இருக்கு. மேலிடம்கிற பேரும் பொருத்தம்தான்."

இப்படி ஒரு பாராட்டு அவருக்கு எந்த வாசகரிடமிருந்தும் வந்ததில்லை. கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்திலும் ஒரு பயம் பாக்கி இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு அருகில் வந்தார்.

"அம்மா தாயே, உங்க அண்ணன்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதே. நாற்காலி கதை தெரிஞ்சா கடை போயிடும். நீ சொல்றபடியெல்லாம் கேக்கறேன்."

"அண்ணன்கிட்டயா?" என்றாள் மனைவி ஆச்சரியத்தோடு. "அவருக்கு ஆரம்பத்திலேயே தெரியுமே! நான் படிச்ச அன்னிக்கே அவருக்கும் அனுப்பிட்டேன். படிச்சுட்டு, சிரிச்ச சிரிப்புல அவங்க வீட்டுலயும் ஒரு நாற்காலி உடைஞ்சுதாம். இப்படிச் சிரிக்க வைக்கிற மனுஷனைக் கடையை விட்டு அனுப்பறதாவதுன்னு, போன் கவர்காரனை அப்பவே போகச் சொல்லிட்டாரு. இன்னிக்கு அந்த மரச்சாமானைத் தொடச் சொன்னதெல்லாம் உங்க முகத்தைப் பாக்கறதுக்குத்தான்."

பூட்டுக்காரர் நின்றார். கடை இருக்கிறது. மச்சானுக்குக் கோபமில்லை. மனைவிக்கும் கோபமில்லை. கோர்ட்டு, கேஸு எதுவும் இல்லாமல் கைதி விடுதலை. பெருமூச்சு ஒன்று வந்தது, உள்ளங்காலிலிருந்து. பெருமூச்சு முடிந்த இடத்தில் மெதுவாக ஒரு கணக்கு உதைத்தது. பாத்திரம். துணி. மின்விசிறி. ஜன்னல் திரை. தன் இடுப்பு.

"அப்போ," என்றார், "நான் இத்தனை நாளா அந்தப் பாத்திரத்தையெல்லாம் தேய்ச்சது எதுக்கு?"

மனைவி தேய்க்கிற நாரை அவர் கையில் கொடுத்தாள்.

"அழுக்கா இருந்ததுக்கு."